பதினேழாம் எண் பேருந்து

கடைசிப் பிள்ளையும் இறங்கியாயிற்று.
வண்டியைக் கொட்டகையில் விட்டுப்
படியில் ஒட்டியிருந்த பனியை
உதைத்துக்கொண்டே இறங்கியவள்தான்.
வலக்கையை ஊன்றி விழுந்தேன்.
உள்ளே ஏதோ,
கேரட் ஒடிவதுபோல.

யாரும் பார்க்கவில்லை.
அதில் ஒரு நிம்மதி.

டுலூத்தில் ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
குளிர் என் வலியைக் கொஞ்ச நேரம்
கடன் வாங்கி வைத்திருந்தது;
வீட்டில், ஹீட்டர் பக்கத்தில்,
வட்டியோடு தந்தது.

உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை
மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டு
இடக்கையால் கணக்கெழுதினேன்,
ஒன்றாம் வகுப்புக் கோணல் எண்களில்.
காப்பீடு வாய் திறக்குமுன்
நான் தரவேண்டியது நாலாயிரம் டாலர்.
கையிருப்பு அறுநூற்றுப் பதினொன்று.

முறிந்திருந்தால் அசைக்க முடியாது என்பார்கள்.
அசைகிறது.
அசைந்துகொண்டே கத்துகிறது.
சாவியைத் திருப்பிப் பார்த்தேன்: இல்லை.
தேநீர்க் கோப்பை: பாதி உயரம் வரை.
கொக்கியைக் கழற்ற வராமல்
உள்ளாடையோடே உட்கார்ந்திருக்கிறேன், ஐம்பத்தெட்டு வயதில்.

இலவசத் தொலைபேசியில் ஒரு செவிலி.
'பத்துக்கு எத்தனை, திருமதி லெப்பானென்?'
'ஐந்து' என்றேன்,
பழைய சாமான் சந்தையில் விளக்குக்கு
விலை குறைத்துக் கேட்பவளைப்போல.
'மரத்துப் போயிருக்கிறதா?'
'போனால் தேவலையே.'
அவள் சிரிக்கவில்லை.
'இன்றிரவே யாராவது பார்ப்பது நல்லது' என்றாள்.
நல்லது எல்லாம் நல்லதுதான்.

ராய் ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.
ஆம்புலன்ஸ் வந்தது. வெறும் வாயு.
இரண்டாயிரத்து முந்நூறு.
'இதற்கு மேல் நான் மொச்சையே தின்னமாட்டேன்'
என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
மாதாமாதம் கட்டினோம்.
இரண்டாம் முறை பிடித்துக்கொண்டபோது
யாரையும் கூப்பிட விடவில்லை.
மீதித் தவணை பதினான்கை
நான் தனியாகக் கட்டினேன்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

இரண்டு மணிக்கு மோதிரம் எழுப்பியது.
அவன் போன பிறகு வலக்கைக்கு மாற்றியது.
விரல் அதைச் சுற்றி வீங்கி
நீலம் பாரித்திருந்தது.
பாத்திரம் கழுவும் சோப்பு, பற்களுக்கு நடுவே துணி,
கால் மணி நேரம்.
வந்துவிட்டது. தொட்டியில் விழுந்து
ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

விடியுமுன் நான் செய்வது ஒன்று உண்டு:
டார்ச் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவது.
டயர், விளக்கு, பிரேக், கண்ணாடி.
அடியில் என் கையெழுத்து.
போன மார்ச்சில் ஸ்டியரிங்கில் ஒரு 'டிக்'.
சிவப்புச் சீட்டு மாட்டிவிட்டேன்.
'ஓடுகிறதே வெர்னா' என்றான் மெக்கானிக் ஹால்வர்.
'ஓடும்.
பிள்ளைகளை ஏற்றமாட்டேன்.'

கதவுக்கு ஒரு நெம்புகோல். வலப்பக்கம்.
நாளைக்கு அறுபது தடவை இழுக்க வேண்டும்,
முப்பத்தொரு பிள்ளைகள்,
சிலருக்கு இன்னும் படி உயரம்.
ஒரு கால் மேலே, ஒரு கால் பனியில் இருக்கையில்
இந்தக் கை பாதியில் விட்டால்?

மூன்று நாற்பதுக்குக் காரை எடுத்தேன்.
பெல்ட்டை இடக்கையால் மாட்ட ஐந்து முயற்சி.
சாவியையும் இடக்கையால்,
மடியில் யாரோ ஒருத்தியின் கை கிடக்க.
லண்டன் சாலை முழுக்க எனக்காகப் பச்சை,
பார்க்க வேறு வண்டியே இல்லை.

அவசரப் பிரிவின் எதிரே நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
நாலாயிரம் இன்னும் நாலாயிரம்தான்.
திரும்பிப் போகவும் எரிபொருள் இருந்தது.

பிறகு இறங்கி நடந்தேன், சின்னச் சின்ன அடிகளாக,
பனியில் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நடை.
நான் கிட்டே போனதும்
கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.
இழுப்பவர் யாரென்று
பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்தேன்.